டிரைவ்-த்ரூவில் தடுக்க வேண்டியது ஜன்னலை அல்ல, ஊர்ந்து போகும் வரிசையை

காரை விட்டு இறங்காமலே ஜன்னலில் காசைக் கொடுத்துச் சாப்பாடு வாங்கிப் போகிற டிரைவ்-த்ரூ கடைகளைப் புகைக்காகத் தடை செய்யலாமா என்று அமெரிக்க, கனடா நகராட்சிகளில் பல வருடமாக வாக்குவாதம் நடக்கிறது. கலிஃபோர்னியாவின் சான் லூயிஸ் ஒபிஸ்போ 1982-லேயே தடை போட்டது. மினியாபொலிஸ் 2019-இல் புதிதாக எதற்கும் அனுமதி இல்லை என்றது. ஏற்கனவே இருந்தவை தொடர்ந்தன. குமரி மாவட்டத்திலும் நான்கு வழிச்சாலை வேலை முடிய முடிய இந்த மாதிரிக் கடைகள் வரத்தான் செய்யும். வந்த பிறகு மல்லுக்கட்டுவதை விட, நாகர்கோவில் மாநகராட்சியும் மற்ற உள்ளாட்சிகளும் இப்போதே விதி எழுதி வைப்பது நல்லது. ஆனால் வெளிநாட்டுத் தடையை அப்படியே எடுத்து ஒட்டினால் நம் ஊருக்கு அது பொருந்தாது.

ஜன்னல் இல்லாத டிரைவ்-த்ரூ நம்மிடம் ஏற்கனவே ஊர் முழுக்க இருக்கிறது. மார்த்தாண்டத்திலோ தக்கலையிலோ வெட்டூர்ணிமடத்திலோ சாயங்காலம் ஒரு பேக்கரி வாசலைப் பாருங்கள். இடது பக்கச் சக்கரம் மட்டும் தார் விளிம்பை விட்டு இறங்கியிருக்கும், மீதிக் கார் ரோட்டில். கண்ணாடி நாலு விரல் இறங்கும், "ரெண்டு சாயா, ரெண்டு பழம்பொரி" என்று குரல் போகும், பையன் தட்டோடு வருவான். கிளாஸைத் திருப்பிக் கொடுக்கும் வரை ஏசி ஓடும், இன்ஜின் அணையாது. பின்னால் வருகிற பஸ் விலகப் பார்க்கும், எதிரே லாரி வரும், பஸ் நின்றுவிடும். அந்த பஸ்ஸின் புகையும், அதற்குப் பின்னால் உறுமிக்கொண்டு நிற்கும் பைக்குகளின் புகையும் இந்தச் சாயாவின் கணக்கில்தான் சேரணும்.

கணக்கைச் சரியாகவே போடுவோம். 1.2 லிட்டர் பெட்ரோல் கார் ஏசியோடு சும்மா நின்றால் மணிக்குச் சுமார் ஒரு லிட்டர் குடிக்கும். ஆறு நிமிடத்துக்கு 100 மில்லி. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய 2.3 கிலோ கார்பன் டை ஆக்சைடு வரும். அப்போது 100 மில்லிக்கு 230 கிராம். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கொடுக்கிற கார் ஒன்றரை கிலோமீட்டர் ஓடினாலே இந்த 230 கிராம் வந்துவிடும். கடையை ஊருக்குள் விடமாட்டோம் என்று 5 கிலோமீட்டர் தள்ளி பைபாஸுக்குத் துரத்தினால், அதற்கென்றே போய்வரும் ஒவ்வொரு காரும் ஒன்றரை கிலோ விடும். தடை கேட்பவர்கள் இந்த இடத்தைக் கண்ணை மூடிக்கொண்டு தாண்டக் கூடாது. அதே நேரம், நாளைக்கு 200 கார் ஆறாறு நிமிடம் நிற்கிற கடையில் 20 லிட்டர் பெட்ரோல் வீணாகிறது. வருடத்துக்குப் பதினாறு, பதினேழு டன் கார்பன் டை ஆக்சைடு. ஒரு அடி நகராமல் எரிந்த எண்ணெய் இது, முழுக்கத் தவிர்க்கக்கூடியது.

டீசல் வண்டியின் கதை இதைவிட மோசம். பி.எஸ்.6 என்ற புகை விதிப்படி வந்த புது வண்டியில் கரியைப் பிடிக்க டி.பி.எஃப். என்ற வடிகட்டி உண்டு. அதில் சேர்ந்த கரி எரிந்து போக 550, 600 டிகிரி சூடு வேண்டும்; வண்டி சும்மா நிற்கும்போது அதில் பாதிகூட வராது. கரி சேர்ந்துகொண்டே போய் டேஷ்போர்டில் விளக்கு எரியும். எரித்துச் சுத்தம் செய்யும் வேலை பாதியில் நின்றுபோனால், அதற்காகக் கூடுதலாகத் தெளித்த டீசல் இன்ஜின் ஆயிலில் கலக்கும், ஆயில் அளவு ஏறும். சீசனில் கன்னியாகுமரியில் ஏசியைப் போட்டபடி நிறுத்தி வைக்கிற டூரிஸ்ட் வேன்களுக்கும் இதேதான் கதி. டி.பி.எஃப். இல்லாத பழைய வண்டியானால் அத்தனை கரியும் பக்கத்து வீட்டுக்குள் போகும். 2011 கணக்கெடுப்பிலேயே சதுர கிலோமீட்டருக்கு 1,111 பேர் வாழ்ந்த மாவட்டம் இது. கடைக்கும் வீட்டுக்கும் நடுவில் பெரும்பாலும் ஒரு சுவர்தான்.

பத்து விநாடிக்கு மேல் நிற்பதாக இருந்தால் அணைத்துவிட்டு மறுபடி ஸ்டார்ட் செய்வதே லாபம் என்று அமெரிக்காவின் ஆர்கான் ஆய்வகம் அளந்து சொல்லியிருக்கிறது. அப்புறம் ஏன் வரிசையில் யாரும் அணைப்பதில்லை? ஒன்றரை நிமிடத்துக்கு ஒரு தடவை ஆறு மீட்டர் நகர வேண்டியிருக்கிறது, அதனால்தான். 'இன்ஜினை அணைக்கவும்' என்று போர்டு வைத்தாலும் ஊர்ந்து போகிற வரிசையில் நடக்காது. கார் நின்றதும் இன்ஜினைத் தானே அணைக்கிற ஸ்டார்ட்-ஸ்டாப் வசதியையும் நம்ப முடியாது. ஏப்ரல் வெயிலில் உள்ளே குளிரும் வரை அது இன்ஜினை அணைக்காது, அணைத்தாலும் சூடு ஏறியதும் தானே ஸ்டார்ட் ஆகும்.

வரிசைக்கு இன்னொரு வியாதியும் உண்டு. ஒன்றரை நிமிடத்துக்கு ஒரு கார் என்றால் மணிக்கு 40 கார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் 50 கார் வந்தால் ஒரு மணி நேரத்தில் பத்துக் கார் தேங்கும். காருக்கு 6 மீட்டர் வீதம் 60 மீட்டர். மூன்று மீட்டர் அகலப் பாதை என்றாலும் நாலரை சென்ட் நிலம் வரிசைக்கே போய்விடும், திருப்பங்கள் தனி. நம் ஊர்க் கடை மனையில் அது எங்கே இருக்கிறது? வால் ரோட்டுக்குத்தான் வரும். முன்னால் நிற்கிறவர் எட்டுப் பேருக்கு பிரியாணி சொல்லியிருந்தால், பின்னால் ஒரு காபிக்கு வந்தவரும் இன்ஜினை ஓடவிட்டுக் காத்திருக்கணும்.

ஆகவே என் கருத்து இதுதான்: ஊர்ந்து போகும் பாதைக்கு அனுமதியே கொடுக்காதீர்கள், இறங்காமல் வாங்கும் வசதியைத் தடுக்காதீர்கள். கட்டட விதிப்படி விட வேண்டிய பார்க்கிங்கிலேயே எட்டு இடத்துக்கு நம்பர் எழுதட்டும். கார் வந்து நிற்கும், இன்ஜின் அணையும், தூணில் இருக்கிற கியூ.ஆர். கோடில் ஆர்டரும் காசும் முடியும், கடைப் பையன் நம்பர் பார்த்துக் கொண்டுவந்து கொடுப்பான். ஆள் ஒன்றுக்கு ஆறு நிமிடம் ஆனாலும் எட்டு இடத்தில் மணிக்கு 80 கார் போகும், அடுக்களை ஈடுகொடுத்தால். ஒருவரின் பெரிய ஆர்டர் இன்னொருவரைக் கட்டிப்போடாது. அணைத்த காரில் ஏசி காற்றாடியை மட்டும் பத்து நிமிடம் ஓட்டினால் நல்ல பேட்டரிக்கு ஒன்றும் ஆகாது. குளிர்ச்சி குறையும், உண்மை. அதற்காக ஓலையோ ஷீட்டோ போட்டு நிழல் தரட்டும், மழைக்கும் உதவும்.

வெளிநாட்டுத் தடைகளுக்கு எதிராக மாற்றுத்திறனாளிகளும் வயசானவர்களும் எழுப்பிய கேள்வி நியாயமானது. கடை வாசலை ஒட்டிய முதல் இரண்டு இடத்தை அவர்களுக்கு ஒதுக்கினால் அதற்கும் பதில் கிடைக்கும். பைக்குக்குத் தனி பார்சல் கவுண்டர் வைக்காவிட்டால் எட்டு இடத்தையும் பைக்கே அடைத்துவிடும். விதியில் இதை மறக்காமல் எழுதணும்.

கடைசியாக அபராதம். ரோட்டில் நின்ற காருக்கு மட்டும் போட்டால் அடுத்த கார் வந்து அதே இடத்தில் நிற்கும். ரோட்டில் நிற்கிற காருக்குத் தட்டைக் கொண்டுபோய்க் கொடுக்கிற கடைக்கும் போடணும், ஜன்னல் வைத்த பெரிய கம்பெனிக் கடையானாலும் சரி, பழம்பொரி போடுகிற பேக்கரியானாலும் சரி. மூன்றாவது தடவைக்கு மேல் போனால் தொழில் உரிமம் புதுப்பிக்க வரும்போது அதைக் கணக்கில் எடுக்கலாம்.