ரிவர்ட் என்றால் பதில் அல்ல, ஐயா!

மூன்று நாள் உழைப்பை என் கையாலேயே அழித்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். அழித்தவன் நான்தான், அழிக்கச் சொன்னவர் என் மேலாளர். ஆனால் அவர் அப்படிச் சொல்லவே இல்லையாம், எனக்குத்தான் ஆங்கிலம் புரியவில்லையாம்.

காலையில் வந்த மின்னஞ்சலில் இருந்தவை இரண்டே வரிகள். "உங்கள் திருத்தங்களைப் பார்த்தேன். தயவுசெய்து உடனே ரிவர்ட் செய்யவும்." அந்த இரண்டாவது வரியை நான் நான்கு முறை படித்தேன். ரிவர்ட் என்றால் பழைய நிலைக்குத் திரும்புவது. குத்தகைக் காலம் முடிந்ததும் நிலம் உரியவரிடமே திரும்பிப் போவதற்குச் சட்ட ஆங்கிலத்தில் வழங்கும் சொல் அது. செய்த மாற்றத்தை நீக்கி முந்தைய வடிவத்தை மீட்பதற்கு மென்பொருள் எழுதுபவர்கள் அன்றாடம் பயன்படுத்தும் சொல்லும் அதுவே. திருத்தங்களைப் பார்த்தாராம், உடனே ரிவர்ட் செய்ய வேண்டுமாம். அவருக்கு ஒன்றும் பிடிக்கவில்லை என்பதைத் தவிர ஒரு மனிதன் இதிலிருந்து வேறு என்னதான் புரிந்துகொள்ள முடியும்? பல்லைக் கடித்துக்கொண்டு, பொதுக் கோப்புறையில் இருந்த திருத்திய அறிக்கையின் மேலேயே பழைய அறிக்கையை அதே பெயரில் சேமித்தேன். மாற்றி எழுதவா என்று கணினி ஒருமுறை கேட்டது. அதற்கு இருந்த அக்கறைகூட மேலாளருக்கு இல்லை. ஆம் என்றேன்.

நாற்பது நிமிடங்கள் கழித்துத் தொலைபேசி ஒலித்தது. "உடனே ரிவர்ட் செய்யச் சொன்னேனே, இன்னும் பதிலைக் காணோமே?" என்றார். செய்துவிட்டேன் ஐயா, பழைய அறிக்கையே இப்போது இருக்கிறது என்றேன். சிறிது நேரம் மறுமுனையில் மூச்சு மட்டுமே கேட்டது. பிறகு, "திருத்தங்கள் நன்றாக இருந்தன, எப்போது அச்சுக்குக் கொடுக்கலாம் என்றுதானே கேட்டேன்?" என்றார். அப்படி எங்கே கேட்டார் என்று அந்த மின்னஞ்சலை இப்போது வரை தேடிக்கொண்டிருக்கிறேன்.

இதோடு விட்டிருந்தால் நானும் விதியை நொந்துகொண்டு மறுபடி தட்டச்சு செய்யப் போயிருப்பேன். விடவில்லை, பாடம் நடத்தத் தொடங்கிவிட்டார். ரிப்ளை வேறு, ரிவர்ட் வேறாம். ரிப்ளை என்றால் கேட்டவுடன் சொல்வது, ரிவர்ட் என்றால் ஆராய்ந்து நிதானமாகச் சொல்வது என்று, எந்த அகராதியிலும் நான் காணாத ஒரு வேறுபாட்டை அந்த நொடியிலேயே படைத்துத் தந்தார். அப்படியானால் "உடனே ரிவர்ட்" என்று எழுதியது "உடனே நிதானமாக" என்ற பொருளிலா என்று கேட்க நாக்கு துடித்தது, அடக்கிக்கொண்டேன்.

இந்திய அலுவலகங்களில் ரிவர்ட் என்பதைப் பதில் என்ற பொருளில் பலரும் எழுதுகிறார்கள் என்பதும், சில அகராதிகள் அதை இந்திய ஆங்கில வழக்காகக் குறித்திருக்கின்றன என்பதும் எனக்குத் தெரியாமல் இல்லை. எழுதிவிட்டுப் போகட்டும். ஆனால் திருத்தம் என்ற சொல்லுக்குப் பக்கத்திலா அதைக் கொண்டுபோய் வைப்பது? தமிழிலும் மறுமொழி, மறுப்பு இரண்டும் ஒரே "மறு"வோடுதான் தொடங்குகின்றன. அதற்காக மறுமொழி வேண்டும் என்பவர் "மறுப்பை அனுப்புக" என்று எழுதுவதில்லையே!

மூன்று நாள் வேலையை இரவு பகலாக ஒன்றரை நாளில் மீண்டும் முடித்துக் கொடுத்தேன். நன்றி வரவில்லை, இரண்டு சிவப்புக் கோடுகள் வந்தன. "பத்துச் சொற்களுக்குக் குறையாமல்" என்ற பொருளில் நான் எழுதியிருந்த இடத்தில் குறைவு என்பதற்கான லெஸ் என்ற சொல்லை அடித்து, அதே பொருள் தரும் ஃபியூவர் என்று மாற்றியிருந்தார். எண்ணக்கூடியவற்றுக்கு லெஸ் வரக் கூடாதாம், பிறவி விதியாம். எண்ணக்கூடியவற்றுக்கும் லெஸ் பல நூற்றாண்டுகளாகப் புழங்கி வந்திருக்கிறது. 1770இல் ஆங்கில மொழி குறித்து நூல் எழுதிய ராபர்ட் பேக்கர் என்பவர் அந்த இடத்தில் ஃபியூவர் மேலும் பொருந்தும் என்று தமக்குத் தோன்றுவதாக எழுதினார். தமக்குத் தோன்றுவதாகத்தான். அந்த மனிதரின் பணிவான விருப்பம் சிவப்பு மையில் தண்டனைச் சட்டமாகி என் மேசைக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

இரண்டாவது கோடுதான் என்னை உண்மையிலேயே கொதிக்க வைத்தது. "இத்திட்டம் மாற்றத்தை உண்டாக்கும்" என்ற பொருளில் எஃபெக்ட் என்ற சொல்லை வினையாக எழுதியிருந்தேன். எஃபெக்ட் எப்போதும் பெயர்ச்சொல், அஃபெக்ட் எப்போதும் வினைச்சொல் என்று எந்தப் படச்செய்தியில் படித்தாரோ, முதல் எழுத்தை அடித்து அஃபெக்ட் ஆக்கிவிட்டார். பெரும்பாலும் அப்படித்தான் வரும், மறுக்கவில்லை. ஆனால் ஒன்றை நிகழச் செய்வதைக் குறிக்க எஃபெக்ட் வினையாகவும் வரும். உளவியலாளர்களோ உணர்ச்சி வெளிப்பாட்டைக் குறிக்க அஃபெக்ட் என்பதைப் பெயராகவே வைத்திருக்கிறார்கள். ஒரே ஓர் எழுத்து மாறியதில், மாற்றத்தை உண்டாக்க வந்த எங்கள் திட்டம் மாற்றத்தைப் பாதிக்க வந்த திட்டமாகிவிட்டது. அச்சிட்டும் வந்துவிட்டது. ஒருவேளை அதுதான் உண்மையோ என்னவோ!

இனி இப்படிக் குழப்பம் நேராமல் இருக்கக் கூட்டம் போடுவோம், பைவீக்லி போடுவோம் என்று நேற்று அறிவித்திருக்கிறார். வாரத்துக்கு இருமுறை, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஆகிய இரண்டு பொருளையும் அகராதிகள் அந்த ஒரே சொல்லுக்குத் தருகின்றன. மாதத்துக்கு எட்டுக் கூட்டமா, இரண்டு கூட்டமா என்பது என் வாழ்க்கைப் பிரச்சினை என்பதால், எது என்று பணிவாகக் கேட்டு எழுதினேன். இப்போதுதான் பதில் வந்தது: "யோசித்து ரிவர்ட் செய்கிறேன்."

சிரித்துவிட்டேன். சிரித்து முடித்ததும் அறிக்கையை மூன்று இடங்களில் நகலெடுத்து வைத்தேன்.