ராஜினாமா மட்டும் எழுதிக் குடுத்துடாதீங்க

சேலம் கொண்டலாம்பட்டிப் பக்கம் ஒரு நூல் மில்லில் பேக்கிங்கில் ஒன்பது வருசமா வேலை செஞ்சேன். 2022 தை மாசம் மார்பில் புற்றுநோய்னு தெரிஞ்சது. ரிப்போர்ட்டோட லீவு கேக்கப் போனப்ப மேனேஜர் ஒரு வெள்ளைத்தாளை நகர்த்தினார். "எழுதிக் குடுத்துட்டு நிம்மதியா உடம்பப் பாரு கண்ணு. சரியானதும் வா." அக்கறையாத்தான் சொன்னார். நானும் பேனாவை எடுத்துட்டேன். டைம் ஆபீஸ் அக்கா பின்னாடியே வந்து, "போடாத சாமி, உனக்கு இ.எஸ்.ஐ இருக்கு"ன்னு கையைப் பிடிச்சாங்க. இ.எஸ்.ஐ-ன்னா தொழிலாளர்களுக்கான அரசுக் காப்பீடு.

என் சம்பளம் 14,000. அதில் மாசம் 105 ரூபாய் இ.எஸ்.ஐ-க்குப் பிடிச்சாங்க. மாத்திரை வாங்கத்தான் அதுன்னு நினைச்சிருந்தேன். வேலைக்குப் போக முடியாத நாளுக்கும் அதில் பணம் உண்டு. சாதாரண நோய்க்கு வருசத்துக்கு 91 நாள், சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும். புற்றுநோய், காசநோய் மாதிரி நீண்டகால நோய்க்கு, ரெண்டு வருசம் வேலையில் இருந்து சந்தாவும் சரியா கட்டியிருந்தா, 80 சதவீதம். அதை ரெண்டு வருசம் வரைக்கும் நீட்டிக்கலாம். எனக்கு அது மாசம் சுமார் 11,200. வீட்டு வாடகையும் பையன் ஃபீஸும் அதில்தான் நடந்தது. நோய்ப் பணம் வாங்குற காலத்தில் வேலையை விட்டு நீக்கக் கூடாதுன்னு அப்போ நடப்பில் இருந்த 1948 இ.எஸ்.ஐ சட்டத்தின் 73வது பிரிவே சொல்லுச்சு. நானே எழுதிக் குடுத்திருந்தா அந்தப் பிரிவு யாரைக் காப்பாத்தியிருக்கும்?

கீமோ மூணு வாரத்துக்கு ஒரு தடவை. முதல் வாரம் சோத்து வாசனையே ஆகாது. ரெண்டாவது வாரம் ரத்த அணு குறைஞ்சிருக்கும், கூட்டத்துக்குள்ள போகக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். மூணாவது வாரம் மனுசி மாதிரி எந்திரிப்பேன். கடைசி ரெண்டு சுத்தில் அந்த வாரம் மட்டும் வேலை செய்யலாம்னு டாக்டர்கிட்ட தகுதிச் சான்றிதழ் வாங்கிட்டுப் போய் உக்காந்து லேபிள் ஒட்டினேன். போன நாளுக்குச் சம்பளம், போகாத நாளுக்கு இ.எஸ்.ஐ. மூட்டை தூக்கச் சொல்லலை, வேண்டாம்னு நான் கேட்டதாலதான் சொல்லலை. கேக்கணும். தப்பே இல்லை.

ஆனா செவ்வாய்ப்பேட்டையில் கொலுசு கோக்குற எங்க பெரியம்மா மகளுக்கும் இதே நோய் வந்தது. முதலமைச்சர் காப்பீட்டில் சிகிச்சை நடந்துச்சு, அதுக்குக் கையெடுத்துக் கும்பிடுறேன். கூலி? செஞ்ச உருப்படிக்குத்தான் காசு. மருந்தில் விரல் நுனி மரத்துப்போய் வளையத்தைப் பிடிக்கவே முடியலை. பட்டறையில் இ.எஸ்.ஐ கிடையாது. அந்த ஆறு மாசத்துக்கு அவ வீட்டு அரிசிக்கு யார் பொறுப்பு? சிகிச்சைக்குப் பணம் தர்ற அரசு, படுத்திருக்கிற நாளுக்கும் ஒரு தொகை தரணும்னு நான் கேக்குறேன். தீபாவளி சீசனுக்குள்ள விரல் சரியாயிடுமான்னு அவ என்னைக் கேட்டா.