கூட்டத்தை நிறுத்த வேண்டிய இடம் வாசல் அல்ல

தைப்பூசம் முடிந்ததும் பினாங்கில் நாம் குப்பையைப் பற்றியும் ஒலிபெருக்கிச் சத்தத்தைப் பற்றியும் நிறையப் பேசுகிறோம். பேச வேண்டியவைதாம். ஆனால் தண்ணீர்மலை முருகன் கோயில் படிக்கட்டின் அடியில் திரளும் மக்களை எந்த இடத்தில் நிறுத்துகிறோம், எந்த வேகத்தில் மேலே விடுகிறோம், நிறுத்தச் சொல்லும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பதைப் பற்றி அதே அக்கறையுடன் நாம் பேசுவதில்லை என்பது என் நெடுநாள் மனக்குறை.

இந்த ஊருக்கு இது தெரியாத விஷயமல்ல. 1988 ஜூலை 31 அன்று பட்டர்வொர்த் ஃபெரி முனையம் இடிந்து விழுந்தபோது 32 பேர் உயிரிழந்தார்கள். 1,600க்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். பினாங்குத் தீவில் சீனர்களின் குவான் யின் தெய்வ விழாவும் புக்கிட் மெர்தாஜாமில் புனித அன்னாள் திருவிழாவும் ஒரே நேரத்தில் வந்ததால், படகுக்குக் காத்திருந்த கூட்டம் கட்டடம் தாங்கும் எடையைத் தாண்டிப் பெருகியது. பெரியவர்கள் இன்றும் அந்த நாளைச் சொல்லக் கேட்கிறோம். ஆனால் அதைக் கட்டடத்தின் கோளாறாக மட்டுமே நினைவில் வைத்திருக்கிறோம். உள்ளே எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எண்ணி, போதும் என்று வெளியிலேயே நிறுத்தும் ஏற்பாடு இருந்திருந்தால் அந்தத் தளத்தின்மேல் அவ்வளவு பாரம் ஏறியிருக்காது என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும்.

நெரிசலில் உயிர்போகும்போதெல்லாம் மக்கள் ஒழுங்கீனமாக முண்டியடித்தார்கள் என்றுதான் முதலில் செய்தி வருகிறது. 1989 ஏப்ரல் 15 அன்று இங்கிலாந்தின் ஹில்ஸ்பரோ விளையாட்டரங்கில் 97 பேர் இறந்ததற்குக் காரணமான நெரிசலுக்கும் ரசிகர்கள்மீதுதான் பழி விழுந்தது. அங்கே நடந்தது இதுதான்: வெளிவாசலில் நெருக்கடி முற்றியதால், அதைத் தணிக்கப் பெரிய கதவு ஒன்றைக் காவல்துறை திறக்கச் சொன்னது. உள்ளே வந்தவர்களுக்கு நேரெதிரே தெரிந்த சுரங்கவழியோ, ஏற்கெனவே நிரம்பிவிட்ட நடுப்பகுதிக்குக் கொண்டுபோய்விட்டது. பக்கவாட்டுப் பகுதிகளில் இடம் இருந்தும், அந்தச் சுரங்கவழியை மூடி மக்களைத் திருப்பிவிட யாரும் நிற்கவில்லை. 27 ஆண்டுகள் கழித்து, 2016இல்தான் ரசிகர்கள்மீது தவறில்லை என்று விசாரணை மன்றம் தீர்ப்பளித்தது. வாசலைத் திறந்து நெருக்கடியைத் தணிப்பதாக நினைப்பவர்கள், அதே நெருக்கடியை இன்னும் குறுகிய இடத்துக்கு அனுப்புகிறார்கள் என்பதற்கு இதைவிடக் கொடிய சான்று எனக்குத் தெரியாது.

இதில் கணக்கும் இருக்கிறது. படிக்கட்டில் ஒரு மீட்டர் அகலத்துக்கு நிமிடத்துக்கு அதிகபட்சம் 66 பேர்தான் கடக்க முடியும் என்பது விளையாட்டரங்குகளுக்கான பிரிட்டன் வழிகாட்டியின் அளவு. மூன்று மீட்டர் அகலமுள்ள ஒரு படிக்கட்டை எடுத்துக்கொண்டால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 200 பேர். நிமிடத்துக்கு 300 பேர் வந்து சேர்ந்தால் அரைமணி நேரத்தில் 3,000 பேர் அடியில் தேங்கிவிடுவார்கள். ஒரு சதுர மீட்டரில் நான்கு பேர் என்று நெருக்கி நிறுத்தினாலும் அவர்களுக்கு 750 சதுர மீட்டர், அதாவது ஒன்பது பூப்பந்துக் களங்களுக்கும் சற்று அதிகமான பரப்பு வேண்டும். காவடியும் பால்குடமும் சுமந்து, இடுப்பில் குழந்தையுடன், தண்ணீர்மலையில் 513 படிகள் ஏறுகிறவர்களின் வேகம் அந்த 66ஐவிடக் குறைவாகத்தான் இருக்கும். ஒரு சதுர மீட்டரில் ஐந்தாறு பேர் சேர்ந்துவிட்டால் தன் கையை முகத்துக்குக் கொண்டுவரக்கூட ஒருவரால் முடியாது. அதற்கு மேல் நெருங்கினால் நின்றபடியே நெஞ்சு விரிய இடமின்றி மூச்சு அடைபடும். அந்த நிலையில் "பொறுமையாக இருங்கள்" என்று ஒலிபெருக்கியில் சொல்வதால் ஒரு பயனும் இல்லை.

ஆகவே மக்களைப் படிக்கட்டின் அடியில் தடுக்கக்கூடாது. அதற்கு வெகுதூரம் முன்பாகவே, சாலை அகலமாக இருக்கும் இடத்தில், பக்கவாட்டில் விலகிப்போக வழியிருக்கும் இடத்தில், தண்ணீரும் நிழலும் கழிப்பறையும் எட்டும் தொலைவில் நிறுத்தி, பகுதி பகுதியாக விட வேண்டும். இறங்குகிறவர்களுக்குத் தனிப்பாதை வேண்டும்.

ஒரு கோயில் திருவிழாவில் தொண்டராக நின்றபோது நான் கண்ட காட்சி ஒன்றைச் சொல்கிறேன். இரண்டு இளைஞர்கள் கயிற்றின் இரு முனைகளைப் பிடித்துக்கொண்டு நன்றாகத்தான் கூட்டத்தை நிறுத்தி வைத்திருந்தார்கள். செயற்குழுவில் இருக்கும் ஒருவர் தம் உறவினர்களுடன் வந்து, "நம்ம ஆளுங்கதான், விடுப்பா தம்பி" என்றார். கயிறு உயர்ந்தது. அவர்கள் பத்துப் பேர் நுழைய, பின்னால் இன்னும் முப்பது பேர் நுழைந்தார்கள். அதன்பின் அந்தக் கயிறு இறங்கவே இல்லை. அந்தத் தம்பிகளை நான் குறை சொல்லமாட்டேன். மாமா முறை வைத்துக் கூப்பிடுகிற பெரியவரை மறுக்கும் அதிகாரத்தை யாரும் அவர்களுக்குக் கொடுக்கவில்லை.

அதிகாரம் இல்லாத இடத்தில் எச்சரிக்கை வந்தும் பயனில்லை. 2022 அக்டோபர் 29 அன்று தென்கொரியத் தலைநகர் சோலின் இத்தேவோனில் 159 பேரைப் பலிகொண்ட நெரிசல் இரவு பத்தேகால் மணியளவில் ஏற்பட்டது. மக்கள் நசுங்கப் போகிறார்கள் என்ற முதல் அவசர அழைப்போ மாலை 6.34க்கே காவல்துறைக்குப் போயிருந்தது. அடுத்தடுத்துப் பத்து அழைப்புகள் போயும் நெரிசல் ஏற்பட்ட அந்தக் குறுகிய சந்துவழியை மூட யாரும் உத்தரவிடவில்லை.

நம்மிடம் ஆட்களுக்குக் குறைவில்லை. காவல்துறை, ரேலா தன்னார்வப் படை, தீயணைப்பு மீட்புப் படை, செம்பிறைச் சங்கத்தைப் போன்ற முதலுதவிக் குழுக்கள், தண்ணீர்ப் பந்தல் தொண்டர்கள் என்று எல்லோரும் இராப்பகலாக உழைக்கிறார்கள். அடுத்த தைப்பூசத்துக்கான ஒருங்கிணைப்புக் கூட்டத்தில் கோயில் நிர்வாகங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். படிக்கட்டின் அடி தெரியும் உயரத்தில் ஒருவரை நிறுத்துங்கள். நெருக்கம் மிகுந்ததும் யாரிடமும் கேட்காமல் கூட்டத்தை நிறுத்தும் அதிகாரத்தை அவருக்கு எழுத்தில் கொடுங்கள். செயற்குழுவினரும் பிரமுகர்களும் அவர் சொல்லுக்குக் கட்டுப்பட்டவர்கள் என்று முன்கூட்டியே அறிவித்துவிட்டு, கயிறு பிடிக்கும் ஒவ்வொரு தொண்டரின் கையிலும் அவருடன் நேரே பேச ஒரு வாக்கி-டாக்கியைக் கொடுங்கள்.