லினக்ஸ் போட்டால் மட்டும் போதாது

“சென்னை ரிச்சி தெரு கணினிக் கடையில், விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸ் இயங்குதளத்தைப் போட்டு லேப்டாப் வாங்கிட்டா போதும், யாரும் வேவு பார்க்க முடியாது” என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். பாதிதான் சரி. விண்டோஸ் 11 ஹோமில் மைக்ரோசாஃப்ட்டுக்குப் போகும் தகவலை செட்டிங்ஸில் முழுதாக நிறுத்த முடியாது. லினக்ஸில் அந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை. ஆனால் 2012-இல், லினக்ஸ் வகைகளில் ஒன்றான உபுண்டுவின் 12.10 பதிப்பிலேயே, கணினிக்குள் தேடிய சொற்கள் வெளியே போய் அமேசான் பொருட்கள் வந்து நின்றன. 2016-இல் வந்த 16.04 பதிப்பில்தான் அதை அணைத்து வைத்துக் கொடுத்தார்கள்.

அப்புறம், லாகின் பாஸ்வேர்டு ஹார்ட் டிஸ்கைப் பூட்டாது. மின்சார ரயிலில் லேப்டாப் தொலைந்தால், டிஸ்கைக் கழற்றி வேறு கணினியில் மாட்டி எல்லாவற்றையும் படித்துவிடலாம். உங்கள் ஆதார் நகல், வங்கி ஸ்டேட்மென்ட் எல்லாம் அதில்தானே இருக்கிறது? லினக்ஸை நிறுவும்போதே முழு டிஸ்கையும் என்கிரிப்ட் செய்யச் சொல்லுங்கள், அதாவது பாஸ்வேர்டு இல்லாமல் யாரும் படிக்க முடியாதபடி மாற்றச் சொல்லுங்கள். அதற்கான பாஸ்வேர்டைக் கடைக்காரரிடம் சொல்லாமல் நீங்களே தட்டுங்கள்.