மாலர் கையில் இருந்தது சீன மூலம் அல்ல
குரலும் இசைக்குழுவும் சேர்ந்த ‘பூமியின் பாடல்’ படைப்பில் ஆஸ்திரிய இசையமைப்பாளர் குஸ்தாவ் மாலர், பழஞ்சீனக் கவிஞர் லி பாயின் கவிதைகளை அப்படியே இசையமைத்தார் என்பது தவறு. அவர் எடுத்துக்கொண்டது ஹான்ஸ் பெட்கே 1907-ல் வெளியிட்ட ‘சீனப் புல்லாங்குழல்’ என்ற ஜெர்மன் தொகுப்பு. பெட்கேவுக்குச் சீனம் தெரியாது. முன்பே வந்திருந்த மொழிபெயர்ப்புகளைத் தழுவித்தான் எழுதினார். மூன்றாம் பாடலில் வரும் பீங்கான் மண்டபத்தையே பாருங்கள். மூலத்தில் அது ‘தாவ்’ குடும்பத்தாரின் மண்டபம். அந்தக் குடும்பப்பெயருக்குரிய எழுத்துக்கு மட்பாண்டம் என்றும் பொருள் உண்டு. பெட்கேவுக்கு முன்பே வந்த பிரெஞ்சு மொழிபெயர்ப்பிலேயே பெயர் பீங்கானாகிவிட்டது.

ஆறு பாடல்களில் நான்குதான் லி பாயுடையவை. கடைசிப் பாடல் மெங் ஹாவ்ரான், வாங் வெய் இருவரின் கவிதைகளை இணைத்தது. நடுவே நீண்ட வாத்திய இசை. ‘என்றென்றும்’ என்று குரல் தேய்ந்து மறையும் அந்த அற்புதமான முடிவு மாலரே எழுதிச் சேர்த்தது.

முதல் பாடலில் டெனர் எனும் உச்ச ஆண்குரல் வாத்திய ஒலியில் அமுங்கினால் உடனே பாடகரைக் குறை சொல்வதும் நியாயமில்லை. ஒத்திகையில் காதால் கேட்டு வாத்தியப் பகுதியைத் திருத்துவது மாலரின் வழக்கம். ஆனால் இந்தப் படைப்பைக் கேட்காமலே 1911 மே மாதம் அவர் இறந்துவிட்டார். நவம்பரில்தான் இசைக்குழு நடத்துநர் புரூனோ வால்டர் மியூனிக்கில் அரங்கேற்றினார். அதனால், பாடகர் பாடும் இடங்களில் ஹார்ன், டிரம்பெட் ஆகிய ஊதுகருவிகளின் ஒலியை ஒரு படி தணிக்க வேண்டிய பொறுப்பு நடத்துநருடையது.