புதுவைக் கடலில் நிற்கும் அந்த இரும்புத் தூண்கள்

போன ஞாயிற்றுக்கிழமை விடிகாலை, கடற்கரைச் சாலையில் காந்தி சிலைக்குப் பக்கத்தில் ஒரு குடும்பம் நின்றிருந்தது. வெளியூர். கடலுக்குள் நிற்கும் துருப்பிடித்த தூண்களைக் காட்டி பையன் "அது என்னப்பா?" என்று கேட்டான். அப்பா பலகை ஏதாவது இருக்கிறதா என்று சுற்றிலும் தேடிப் பார்த்தார். கண்ணில் ஒன்றும் படவில்லை. "ஏதோ பழைய பாலம்டா" என்று சொல்லிவிட்டு நடந்துவிட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வருத்தமெல்லாம் நம் ஊர் மேல்தான்.

1866ல் பிரெஞ்சுக்காரர்கள் கட்டிய பாலம் அது. 1952 புயலில் போனது. எங்கள் தாத்தாவின் அப்பா அந்தப் பாலத்துக்கும் கப்பலுக்கும் நடுவே சலங்குப் படகு தள்ளியவர். புதுவையில் கப்பல் கரைக்கு வராது, தூரத்திலேயே நங்கூரம் போட்டுவிடும். சரக்கை இறக்கச் சலங்குதான் போக வேண்டும். பலகைகளை ஆணி அடிக்காமல் கயிற்றால் தைத்த படகு. அலை மோதினால் வளைந்து கொடுக்கும், உடையாது. பாட்டி அதைச் சொல்லும்போது இரண்டு கையையும் சேர்த்து வளைத்துக் காட்டுவாள்.

இந்தத் துறைமுகம் எப்பேர்ப்பட்ட வாசலாக இருந்தது என்பதைத்தான் நாம் பேசுவதே இல்லை.

1878ல் வந்த ஆயுதச் சட்டப்படி பிரிட்டிஷ் இந்தியாவில் இந்தியர் யாரும் லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி வைத்திருக்க முடியாது. புதுவை பிரெஞ்சு ஆட்சியில் இருந்ததால் அந்தச் சட்டம் அதன் எல்லையோடு நின்றுவிடும். ஐரோப்பாவிலிருந்து பிரெஞ்சுக் கப்பலில் வரும் பெட்டி பிரிட்டிஷ் சுங்கத்தின் கண்ணில் படாமல் நேராக இங்கே இறங்கும். அப்புறம் எல்லையைத் தாண்ட வேண்டியதுதான் பாக்கி. அந்த எல்லையும் ஒரே கோடாக இல்லை. ஒரு கிராமம் பிரெஞ்சு, அடுத்தது பிரிட்டிஷ், அதற்கடுத்தது மறுபடி பிரெஞ்சு. இடுப்பில் செருகிக்கொண்டு வரப்பில் நடப்பவனை எத்தனை போலீஸ் பிடிக்கும்? வங்கத்தில் இருந்த இன்னொரு பிரெஞ்சு ஊரான சந்திரநாகூரிலும் பிரிட்டிஷாருக்கு இதே பயம்தான். ஆயுதம் வருவதைத் தடுக்கப் பார்த்த அந்த ஊர் மேயர் வீட்டில் 1908ல் குண்டு விழுந்தது.

பிரிட்டிஷ் போலீசுக்குத் தப்பி பாரதி 1908ல் இங்கே வந்தார். 1910 ஏப்ரலில் அரவிந்தர், அதே வருடக் கடைசியில் லண்டனிலிருந்து தப்பிய வ.வே.சு. ஐயர். 1911 தொடக்கத்தில், புனலூரில் வனத்துறை குமாஸ்தாவாக இருந்த செங்கோட்டை வாஞ்சிநாதன் லீவு போட்டுவிட்டு இங்கே வந்து ஐயரிடம் துப்பாக்கி சுடக் கற்றுக்கொண்டார். ஜூன் 17, மணியாச்சி ரயில் நிலையத்தில் கலெக்டர் ஆஷைச் சுட்டுக் கொன்றுவிட்டு, தன்னையும் சுட்டுக்கொண்டார். மீதிக் கதை எல்லாருக்கும் தெரியும். செத்துக் கிடந்த வாஞ்சியிடம் இருந்தது பெல்ஜியத்தில் செய்த பிரவுனிங் பிஸ்டல். மணியாச்சிக்கு வாஞ்சியின் பெயர் வைத்து நினைவு கொண்டாடுகிறோம், அவர் சுடப் பழகிய ஊரில் ஒரு வரி கிடையாது.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். வாஞ்சியின் சட்டைப்பையில் இருந்த கடிதத்தைப் படித்தால் எனக்கு மனம் கசக்கும். அரசன் ஜார்ஜை மாட்டிறைச்சி தின்னும் மிலேச்சன் என்றுதான் அவர் திட்டியிருந்தார். பலகை வைத்தால் அதையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும். தியாகம் என்று மட்டும் எழுதி மாலை போடுவதும் பாதிப் பொய்தான்.

கொலைக்குப் பிறகு பிரிட்டிஷ் ஒற்றர்கள் புதுவையில் மொய்த்தார்கள். எதிர்வீடு, திண்ணை, கடற்கரை, எங்கும் கண். பிரெஞ்சுக்காரர்கள் மேல் நெருக்குதல். ஊரில் தங்கும் வெளியாட்களுக்கு ஐந்து பெரிய மனிதர்கள் நற்சான்று கொடுக்க வேண்டும் என்றுகூட 1911ல் சட்டம் வந்தது. உள்ளூர்ப் பிரமுகர் சங்கரச் செட்டியார்தான் ஓடியாடி அந்தக் கையெழுத்துகளை வாங்கிக் கொடுத்தார்.

எனக்கு இந்த வரலாற்றிலேயே மறக்க முடியாதது ஒரு கிணறு. ஐயர் வீட்டுக் கிணற்றில் ஒரு நாள் வேலைக்காரப் பெண் தண்ணீர் இறைக்கிறாள். வாளியோடு ஒரு ஜாடி வருகிறது, வாய் கட்டியபடி. திறந்தால் ராஜத் துரோகத் துண்டறிக்கைகள், காளி படம். ஒற்றன் ஒருவன் ராத்திரியில் போட்டுவிட்டுப் போனது. போலீஸ் வந்து "கண்டுபிடித்திருந்தால்" அத்தனை பேரையும் பிரெஞ்சு மண்ணிலிருந்து கிளப்பியிருப்பார்கள். பாரதி அதை அரவிந்தரிடம் கொண்டுபோனார். நாமே பிரெஞ்சுப் போலீசிடம் கொடுத்துவிடலாம் என்றார் அவர். சோதனைக்கு வந்த நீதிபதி நாந்தோ, அரவிந்தர் வீட்டில் கிரேக்கமும் லத்தீனும் புத்தகங்களாக அடுக்கியிருப்பதைப் பார்த்து மரியாதையோடு திரும்பிப் போனார். ஜாடியைப் போட்டவன் எல்லை தாண்டி ஓடினான். நம் ஆட்கள் இந்தக் கதையைச் சொல்லும்போது கிரேக்கம், லத்தீனில்தான் நிற்பார்கள். என் மனம் வாளியைப் பிடித்திருந்த அந்தக் கையிலேயே நிற்கும். அவள் பார்த்ததைப் பார்த்தபடி சொன்னதால்தான் அவர்கள் அன்று தப்பினார்கள்.

அப்புறம் முதல் உலகப் போர் வந்தது. 1914 செப்டம்பர் 22 ராத்திரி ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் சென்னைத் துறைமுகத்தில் எண்ணெய் டாங்குகளைச் சுட்டது. அந்தப் போரில் பிரிட்டனும் பிரான்சும் ஒரே அணி. அதுவரை பகைவனின் பகைவனாக அடைக்கலம் கொடுத்த கொடி, ஒரே நாளில் பகைவனின் நண்பனாகிவிட்டது. இவர்களை அல்ஜீரியாவுக்கு அனுப்பிவிடலாமா என்ற பேச்சுகூட வந்தது. அதே போருக்கு நம் ஊர்ப் பையன்கள் பிரெஞ்சுச் சீருடையில் கப்பல் ஏறினார்கள். 1938ல் திறந்த நினைவுச் சின்னம் இதே சாலையில் இருக்கிறது. ஜூலை 14 அன்று சொல்தா (பிரெஞ்சுப் படையில் இருந்த நம் ஊர்க்காரர்கள்) குடும்பங்கள் மெடல் குத்திக்கொண்டு வந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த மரியாதை வேண்டும். எனக்கு அதில் துளியும் மனக்குறை இல்லை.

ஆனால் ஒரே சாலையில் ஒரு போர் நினைவுச் சின்னமாக நிற்கிறது, இன்னொன்று உப்புக் காற்றில் துருப்பிடித்து உதிர்கிறது. மஞ்சள் சுவர், கிரசான் ரொட்டி, கல்யாண போட்டோ ஷூட் என்று ஊரை விற்கிறோம். விற்கட்டும், அதில் நூறு குடும்பம் பிழைக்கிறது. பாலத்துக்கு எதிரே ஒரு பலகைக்கு இடமா இல்லை? தமிழில், பெரிய எழுத்தில். கப்பல் எங்கே நின்றது, சலங்கு எப்படிப் போனது, இங்கே யார் யார் ஒளிந்திருந்தார்கள், ஏன் இந்த ஊரைக் கண்டு ஒரு சாம்ராஜ்யம் பயந்தது. அந்தப் பையன் நின்று படிக்கிற அளவுக்கு இருந்தால் போதும்.

குருசுக்குப்பம், வைத்திக்குப்பம், வம்பாகீரப்பாளையத்தில் இருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் சலங்கு தள்ளிய பெரியவர்களைப் பற்றி யாருக்காவது ஞாபகம் இருந்தால் கீழே எழுதுங்கள். பாட்டி, தாத்தா உயிரோடு இருந்தால் இன்றைக்கே உட்கார்ந்து கேளுங்கள், குரலைப் பதிவு செய்துகொள்ளுங்கள். எங்கள் பாட்டியிடம் நான் கேட்கவில்லை. கை இரண்டையும் வளைத்துக் காட்டியது மட்டும்தான் என்னிடம் மிச்சம்.