இலியட்டில் சாகிறவர்களைத் தாண்டிப் போகாதீர்கள்

ட்ராய் நகரத்தைக் கிரேக்கர்கள் முற்றுகையிட்ட போரைப் பற்றிக் கிரேக்கக் கவிஞர் ஹோமர் பாடிய இலியட் காவியத்தைப் படிக்கப் போகிறேன் என்று சொன்னால், முன்பே படித்தவர்கள் ஒரு யோசனை சொல்வார்கள்: "சண்டைப் பகுதியைப் புரட்டிவிட்டுப் போ. யார் யாரைக் குத்தினான் என்று பக்கம் பக்கமாக வரும். ட்ராய் இளவரசன் ஹெக்டர் மனைவியிடம் விடைபெறும் இடத்தையும், கடைசியில் அவன் அப்பா ப்ரயாம் ராஜா மகனின் உடலைக் கேட்டு வரும் இடத்தையும் படித்தால் போதும்." எனக்கு இதில் கொஞ்சமும் உடன்பாடில்லை. காவியத்தின் உயிரே அந்தச் சண்டைப் பக்கங்களில்தான் இருக்கிறது.

நான்காம் காண்டத்தில் சிமோயிசியஸ் என்று ஒரு பையன் வருகிறான். வருவதே சாவதற்குத்தான். கிரேக்க வீரன் அயாக்ஸின் ஈட்டி வலது மார்பில் பாய்ந்து தோள் வழியே வெளியே வருகிறது. அதற்கு முன்னால் ஹோமர் நம்மை எங்கே கூட்டிப் போகிறார் தெரியுமா? அவன் பிறந்த இடத்துக்கு. பெற்றோருடன் ஆட்டு மந்தை பார்க்கப் போன அவன் அம்மா, இடா மலையிலிருந்து இறங்கி வரும் வழியில் சிமோயிஸ் ஆற்றங்கரையில் அவனைப் பெற்றாள். அந்த ஆற்றின் பெயரையே வைத்தார்கள். கல்யாணம்கூட ஆகவில்லை. வளர்த்தவர்களுக்குத் திருப்பிச் செய்ய ஆயுசும் இல்லை. தேர் செய்கிறவன் சக்கர விளிம்புக்காக வெட்டிய பாப்லர் மரம் மாதிரி விழுகிறான். மரம் ஆற்றங்கரையில் கிடந்து காய்கிறது. இத்தனையும் இருபது வரிக்குள். அதற்கப்புறம் அவன் பேச்சே இல்லை.

ஆறாம் காண்டத்தில் ஆக்சிலஸ். அரிஸ்பே ஊர்க்காரன், வசதியானவன். வீடு பாதையோரம் என்பதால் போகிறவர் வருகிறவர் எல்லோரையும் உபசரிப்பான். கிரேக்க வீரன் டயோமிடீஸ் அவனைக் கொல்லும்போது, அந்த உபசாரம் பெற்றவர்களில் ஒருவர்கூடக் குறுக்கே வந்து நிற்கவில்லை. அவனுடைய தேரோட்டியும் கூடவே சாகிறான்.

இருவருமே ட்ராய் பக்கத்து ஆட்கள். பாடுகிறவரும் கேட்கிறவர்களும் கிரேக்கர்கள். எதிரி வீட்டுப் பையனைப் பெற்றவளை நினைத்துப் பார்க்க வைக்கிற ஒரு போர்ப்பாட்டை, அலுப்பு என்று எப்படித் தள்ள முடிகிறது?

திரும்பத் திரும்ப வரும் அடைமொழிகள் இன்றைய வாசகருக்குச் சலிப்பூட்டும் என்பது உண்மைதான். கிரேக்கர்களின் தலைசிறந்த வீரன் அகிலீஸ் சும்மா உட்கார்ந்திருந்தாலும் 'விரைகால் அகிலீஸ்'தான். 1930-களில் அமெரிக்க ஆய்வாளர் மில்மன் பாரி யூகோஸ்லாவியப் பாடகர்களைப் பதிவு செய்து, பாடிக்கொண்டே கட்டும் கவிஞனுக்கு இத்தகைய ஆயத்தத் தொடர்கள் எப்படிக் கைகொடுக்கின்றன என்று காட்டினார். நம் இலங்கைத் தமிழறிஞர் க. கைலாசபதி சங்க வீரப் பாடல்களை ஆராய்ந்ததும் இந்த வழியில்தான். அதனால் வாய்விட்டுப் படியுங்கள், சலிப்பு பாதி குறையும். அடுக்கடுக்காக வரும் அந்த ஆயத்தத் தொடர்களுக்கு நடுவே, சாகப்போகும் ஒரு பையனின் பிறப்புக்கு ஹோமர் இடம் ஒதுக்குகிறாரே, அதைக் கவனியுங்கள்.

ஐந்தாம் காண்டத்தில் பீனாப்ஸ் என்ற கிழவர். இரண்டே பிள்ளைகள், இருவரும் ஒரே நேரத்தில் போய்விடுகிறார்கள். சொத்தைப் பங்காளிகள் பிரித்துக்கொள்கிறார்கள். இருபத்துநான்காம் காண்டத்தில் ப்ரயாம், மகன் ஹெக்டரைக் கொன்ற அகிலீஸின் கைகளை முத்தமிடுகிறார். பீனாப்ஸைப் புரட்டித் தள்ளியவருக்கு அங்கே அழுவது ஒரு ராஜா மட்டும்தான்.